பைன்மரக் காளானும் அதன் பாதுகாப்பும்

நிலையாமையைக் குறிக்க வேண்டின் காளானை எடுத்துக்காட்டுதல் நம்மவர் வழக்கம். ஓரிரவில் முளைத்து மறுநாள் வெயிலில் வாடுவதாகலின், அடிப்படையின்றித் திடீரெனத் தலையெடுப்பன யாவற்றையும் 'காளான்போல் முளைத்தன' என்று இகழ்ந்துரைக்கின்றோம். பண்டைத் தமிழர் இதனை ஆம்பி என்றும் காளாம்பி என்றும் வழங்கினர். சிறுபாணாற்றுப்படை ஆசிரியர், வறுமையுற்ற பாணனது அடுக்களையின் பாழ்நிலையைக் காட்டப் புகுந்தவிடத்து, அங்குள்ள புழுதியிற் காளாம்பி பூத்திருந்தமையைக் கூறுகின்றார். ஆக, காளான் எனின் நம் நினைவுக்கு வருவன வறுமையும் நிலையாமையுமே. இக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பது, ஜப்பான் நாட்டார் மாட்சுத்தாக்கே என்று போற்றும் ஒரு காட்டுக்காளானின் வரலாற்றைக் கற்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

இதனை யான் அறிய நேர்ந்தது ஒரு சொற்போரின் பயனாக. காடும் காட்டுயிர்களும் அழிந்துவருதலைப்பற்றி விடுதியில் ஒருநாள் மாலை பேச்செழுந்தது. தாவரநூல் பயிலும் நண்பர் ஒருவர், "காட்டைச் சுற்றி வேலியிட்டு மனிதரை உள்ளே விடாதிருந்தாற் போதும்; ஏனையவற்றை இயற்கையே பார்த்துக்கொள்ளும்" என்றார். யானும் அதனை மறுத்தேனில்லை. தமிழ் பயில்வோனாகிய எனக்கு மறுக்குந் தகுதியும் அப்போது இல்லை. சின்னாட் கழித்து அவரே ஒரு நூலைக் கொணர்ந்து தந்து, "அன்று நாம் பேசியது இக்காளானுக்குப் பொருந்தவில்லையே" என்றார். மனிதன் காட்டினுட் புகுந்ததனால் அன்றி, காட்டைக் கைவிட்டு நீங்கியதனால் அருகிவரும் உயிரும் உண்டு என்பதே அந்நூலிற் கண்ட செய்தி. அதனை என்போன்ற ஏனை மாணவர்க்கும் விளங்குமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் காளான் யாதெனக் காண்போம். குடைபோல் நிலத்தின்மேல் விரிவது காளானின் முழுவுடல் அன்று. அது கனி போன்றதோர் உறுப்பே. மாமரம் முழுதும் மண்ணுள் மறைந்து நிற்ப, மாங்கனி மட்டும் ஆண்டிற்கொருமுறை வெளியே தலைகாட்டினால் எங்ஙனம் இருக்குமோ அங்ஙனம் இருப்பது காளானின் வாழ்க்கை. அதன் உண்மையுடல் நூலினும் நுண்ணிய இழைகளின் பின்னலாய் மண்ணுள்ளோ மரத்துள்ளோ ஆண்டுக்கணக்கிற் பரந்து கிடக்கும். பச்சையம் இன்மையால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளுதல் அதற்கு இயலாது. ஆகவே சில காளான்கள் பட்டமரத்தையும் சருகையும் மட்கச்செய்து உண்ணும். சில உயிருள்ளவற்றைப் பற்றி வருத்தும். சில பிறிதோருயிரோடு நட்புக்கொண்டு கொடுத்தும் கொண்டும் வாழும். நம் நாட்டுப் புற்றுக்காளான் இம்மூன்றாம் வகையினது. கறையான் அதனைத் தன் புற்றினுள் வளர்த்து உணவாக்கிக்கொள்ள, அக்காளான் கறையானால் உறையுளும் உணவும் பெறுகின்றது. மழைக்குப்பின் புற்றின்மீது அது பூத்தலைக் கண்டு என் பாட்டியார் கூடையெடுத்துச் செல்வார். இடியோசையே அதனை எழுப்புகின்றது என்பது அவர் துணிபு.

மாட்சுத்தாக்கேயும் நட்பினால் வாழ்வதே. கறையானுக்கு ஈடாக அதற்கு வாய்த்த துணை பைன்மரம். மாட்சு என்பது ஜப்பானிய மொழியிற் பைன். தாக்கே என்பது காளான். ஜப்பானிலும் கொரியாவிலும் செம்பைன் என்னும் மரத்தின் வேர் நுனிகளை இதன் இழைகள் உறைபோற் சூழ்ந்துகொள்கின்றன. மரத்தின் வேர் புகமாட்டாத நுண்ணிய மண்ணிடுக்குகளினும் அவை புகுந்து நீரையும் கனிமச் சத்துக்களையும் கொணர்ந்து தரும். மரம் தன் இலைகளில் ஆக்கிய சர்க்கரையை அதற்குக் கைம்மாறாக அளிக்கும். இவ்வுறவு இன்றேல் காளான் இல்லை.

இழைகள் மண்ணுள் அடர்ந்து வெண்ணிறத் திரளாய்க் கிடக்கும் இடத்தை அந்நாட்டார் 'ஷிரோ' என்பர். அச்சொல்லுக்கு வெண்மை என்றும் பொருளுண்டு. கோட்டை என்றும் பொருளுண்டு. கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் இக்காளானைப் பல்லாண்டு ஆராய்ந்த ஹமாதா மினோரு என்பார் இதனை விரிவாக ஆராய்ந்துரைத்தவர். ஒரு ஷிரோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் அளவே வெளிநோக்கிப் பரவும். காளான்கள் அதன் விளிம்பில் வளையமாக முளைக்கும். எனவே ஒரு வளையத்தின் அகலத்தை அளந்து அதன் அகவையை ஒருவாறு கணிக்கலாம். ஓரிரவுப் பொருளென்று நாம் எள்ளிய காளானின் உடல், கணிப்பாரினும் மூத்ததாய் இருத்தலுங் கூடும்!

இலையுதிர்காலத்தில் மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 19 பாகைக்குக் கீழே இறங்கி, மழையும் உடன் வாய்க்குமாயின் காளான் அரும்பத் தொடங்கும். வெப்பம் மீண்டும் ஏறுமேல் அரும்பிய மொட்டுக்கள் கருகிவிடும். பருவம் தவறிய ஆண்டுகளில் விளைவு பொய்த்தற்குக் காரணம் இதுவே. உலகம் வெம்மையுறும் இந்நாளில் இது சிறு கவலை அன்று.

இனி, அதன் மணத்தைப்பற்றி ஒருசொல். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ஜப்பானியப் பழம்பாடற்றொகையாகிய மன்யோஷுவிலேயே இக்காளானின் மணம் பாடப்பெற்றுள்ளது. மெதில் சின்னமேட் என்னும் பொருளும் பிறிதொரு சாராயவகைப் பொருளும் அம்மணத்துக்குக் காரணம் என்று 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஜப்பானிய வேதிநூலார் கண்டனர். முன்னது இலவங்கப்பட்டையை நினைவூட்டும். சோற்றோடு ஆக்கியும், தெளிந்த சாற்றில் இட்டும், தணலில் வாட்டியும் உண்பர். உண்பதனினும் பரிசாக அளித்தலே மிகுதி. உள்நாட்டிற் கிடைக்கும் நன்காளான் கிலோ ஒன்றுக்குப் பல பதினாயிரம் யென் விலைபோகும். பாணன் அடுக்களையிற் பூத்த ஆம்பிக்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு!

இனிக் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். சருகு மட்கிச் செழித்த மண்ணில் வேறு பூஞ்சணங்களும் நுண்ணுயிர்களும் மல்கும்; அவற்றோடு போட்டியிட்டு வெல்லும் ஆற்றல் மாட்சுத்தாக்கேக்கு இல்லை. கருங்கல் சிதைந்து உண்டான மெலிந்த மண்ணே அதற்கு உவப்பானது. அதன் துணையாகிய செம்பைனும் அவ்வியல்பினதே. அகலிலை மரங்களின் நிழலில் பைன்கன்று பிழையாது. வெயில் படும் வெற்றுநிலத்தில் அது விரைந்து தழைக்கும். ஆயின் ஜப்பானின் நடுப்பகுதியையும் தென்பகுதியையும் மனிதன் கைபடாது விட்டுவைத்தால் ஆங்குப் பெரும்பாலும் எழுவன அகலிலைக் காடுகளே. அங்ஙனமாக, பைன்காடுகளும் அவற்றின் காளானும் அந்நாட்டில் மல்கியது யாங்ஙனம்?

உழவர்களால். அரண்மனைக்கும் கோயிலுக்கும் மரம் வெட்டப்பட்டது; விறகுக்கும் கரிக்கும் உலைக்கும் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டது. ஊரையடுத்த குன்றுகளை 'சத்தோயாமா' என்பர். ஊர்மலை என்று தமிழாக்கலாம். அம்மலைக்குச் சென்று விறகு பொறுக்குதலும், புதர் அரிதலும், உதிர்ந்த சருகைக் கூட்டி வயலுக்கு எருவாகக் கொணர்தலும் உழவர் குடியின் நாட்கடமை. ஜப்பானியச் சிறார் யாவரும் அறிந்த மொமொத்தாரோ கதையும், முதியவர் ஒருவர் மலைக்கு விறகு சேர்க்கச் செல்வதிலிருந்தே தொடங்குகின்றது. சருகு நீங்க நீங்க நிலம் மெலிந்தது. மெலிந்த நிலத்திற் பைன் எழுந்தது. பைனின் அடியில் மாட்சுத்தாக்கே பூத்தது. இக்காளானுக்கென ஒருவரும் ஒன்றும் செய்திலர். அடுப்புக்கும் வயலுக்கும் செய்த வேலையின் எச்சமாக அது கிடைத்தது.

1941ஆம் ஆண்டில் அந்நாட்டில் எடுக்கப்பெற்ற மாட்சுத்தாக்கே ஏறத்தாழ 12,000 டன் என்று கணக்குக் கூறுகின்றது. இந்நூற்றாண்டில் அது 100 டன்னுக்கும் குறைந்த ஆண்டுகள் பல. 2019ஆம் ஆண்டில் 14 டன்னே கிடைத்தது. இவ்வீழ்ச்சியைக் காண்போர் 'பேராசையால் பறித்து அழித்தனர்போலும்' என்றே எண்ணுவர்; யானும் அங்ஙனமே எண்ணினேன். நிகழ்ந்ததோ வேறு. 1950ஆம் ஆண்டுக்குப்பின் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் மலையூர்களிற் புகுந்தன. விறகும் கரியும் வேண்டாவாயின. இரசாயன உரம் வந்தது; சருகு வேண்டாதாயிற்று. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மலைச்சரிவுகள் பலவற்றில் சுகி, ஹினோக்கி என்னும் மரங்களை வெட்டுமரத்துக்காக வரிசை வரிசையாக நட்டனர். எஞ்சிய ஊர்மலைகளில் சருகு முழங்காலளவும் சேர்ந்தது. பசுமை மாறாத அகலிலை மரங்கள் எழுந்து பைனை நிழலால் மூடின. எவரும் கோடரி எடுக்காமலேயே பைன்காடு மாய்ந்தது.

இந்நலிவோடு ஒரு கொள்ளைநோயும் சேர்ந்தது. 1905ஆம் ஆண்டளவில் நாகசாக்கியில் பைன்மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின. பட்டமரங்களில் வண்டுகள் துளைத்திருந்தமையால், வண்டே காரணம் என்று பல்லாண்டு நம்பினர். 1971ஆம் ஆண்டிலேதான் கியோஹாரா, தொக்குஷிகே என்னும் இரு ஆராய்ச்சியாளர், வட அமெரிக்காவினின்று வந்த கண்ணுக்குப் புலனாகா நூற்புழு ஒன்றே மெய்க்காரணம் என்று வெளியிட்டனர். வண்டு அதன் ஊர்தி மாத்திரமே. கோடைத் தொடக்கத்தில் பட்டமரத்தினின்று வெளிப்படும் வண்டு தன் மூச்சுக்குழல்களில் ஆயிரக்கணக்கான நூற்புழுக்களைச் சுமந்து சென்று, நலமுள்ள பைனின் இளங்கிளையைக் கொறிக்கும். அப்புண்வழியே புழுக்கள் மரத்தினுட் புகுந்து பெருகும். மரத்தில் நீரோட்டம் தடைப்படும். சில கிழமைகளில் ஊசியிலைகள் செந்நிறமாகும். சாகும் அம்மரத்திலேயே வண்டு முட்டையிடும். அடுத்த ஆண்டு அவ்வண்டின் குஞ்சுகள் புதிய புழுக்களைச் சுமந்து புறப்படும். இப்புழுவோடு நெடுங்காலம் பழகிய அமெரிக்கப் பைன்களுள் பல அதனைத் தாங்கிக்கொள்கின்றன. ஜப்பானியப் பைனுக்கோ அது புதுப்பகை. பின்னர் இந்நோய் சீனத்துக்கும் கொரியாவுக்கும் 1999ஆம் ஆண்டில் போர்த்துக்கலுக்கும் சென்றமை காணப்பட்டது. மரம் இறந்தால் வேரைப் பற்றியிருந்த ஷிரோவும் இறக்கும்.

2020ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஒன்றியம் மாட்சுத்தாக்கேயைத் தன் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய உயிர்களின் வரிசையிற் சேர்த்தது. புலியும் யானையும் இடம்பெறும் பட்டியலில் ஒரு காளானுக்கும் இடங்கிடைத்தமை நன்றே. அழிந்துவரும் காளான்களைக் கணக்கெடுப்போர் இன்னுஞ் சிலரே.

இவ்விடத்து மொழிபயில்வோர் சுவைக்கத்தக்க ஒரு செய்தியைச் சொல்லாது விடுதற்கு மனமில்லை. ஸ்காண்டிநேவியப் பைன்காடுகளிலும் ஒரு காளான் உண்டு. 1905ஆம் ஆண்டில் அதற்கு நார்வே நாட்டறிஞர் பிளிட் என்பார் இட்ட இலத்தீன் பெயர், 'குமட்டலை விளைப்பது' என்னும் பொருள்படும். இருபது ஆண்டுகள் கழித்து 1925இல் ஜப்பானிய அறிஞர் தம் நாட்டுக் காளானுக்கு மாட்சுத்தாக்கே என்றே அறிவியற் பெயரும் வைத்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் ஆராய்ச்சியாளர் மரபுப்பொருளை ஒப்பிட்டு நோக்க, இரண்டும் ஒன்றே என்பது தெரிந்தது! ஓர் உயிருக்கு இருபெயர் உளவாயின் முன்னதே நிலைக்கவேண்டும் என்பது உயிர்நூலார் விதி. அவ்விதிப்படி ஜப்பானியர் தலைமேற்கொண்டு போற்றும் காளான் 'குமட்டற்காளான்' ஆகியிருக்கும். நல்லவேளையாக, சுவீடன் நாட்டாரே விதிவிலக்கு வேண்ட, மாட்சுத்தாக்கே என்னும் பெயரே நிலைபெற்றது. ஒருவர் மூக்குக்குக் குமட்டலாயது மற்றொருவருக்கு இலையுதிர்காலத்தின் நறுமணம்.

இனி, பாதுகாக்கும் வழி யாது? 'தோட்டத்தில் வளர்த்தாலென்ன' என்று எவரும் கேட்பர். பட்டமரத் துண்டங்களில் வளரும் ஷிதாக்கே போன்ற காளான்களை அவ்வாறு வளர்க்கின்றனர். உயிருள்ள பைன்வேரையே நம்பிவாழும் மாட்சுத்தாக்கேயை வணிக அளவில் பயிரிடுதல் இன்றளவும் கைகூடிற்றில்லை. எனவே அதனைக் காத்தலென்பது காட்டைக் காத்தலே. அதுவும் ஒருவகைக் காட்டை.

நோய்க்கு எதிராக, பட்டமரங்களை வண்டு வெளிப்படுமுன் வெட்டி எரித்தலும் தூளாக்குதலும், மதிப்புமிக்க மரங்களுக்கு மருந்தேற்றுதலும் நடைபெறுகின்றன. இவற்றினும் நெடுநோக்குடையது, நோயால் அழிந்த காடுகளில் தப்பிநின்ற ஒன்றிரண்டு மரங்களைத் தேடியெடுத்து, அவற்றின் வழித்தோன்றல்களிற் புழுவைச் செலுத்திச் சோதித்து, தாங்குவனவற்றைப் பெருக்கும் முயற்சி. 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சியில் செம்பைனில் 92 மரங்கள் முதலில் தேர்ந்தெடுக்கப்பெற்றன.

நிழலுக்கும் சருகுக்கும் எதிரான மருந்து இதனினும் எளிது; ஆயின் உடலுழைப்பு வேண்டுவது. வடக்கே இவாத்தே மாகாணத்தில் மாட்சுத்தாக்கே ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த யோஷிமுரா ஃபுமிஹிக்கோ என்பார், 2005ஆம் ஆண்டில் கியோத்தோவில் ஒரு தொண்டர் இயக்கத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்கு இட்ட பெயர் 'மாட்சுத்தாக்கே சிலுவைப்படை' என்பது. பணியினின்று ஓய்வுபெற்றோரும் மாணவரும் பிறரும் கூடி மலையேறுவர். அகலிலைப் புதர்களை வெட்டி நீக்குவர். பைன்வேர் வெயிலும் காற்றும் பெறுமாறு பல்லாண்டுச் சருகை வாரிகொண்டு வாரி ஒதுக்குவர். வெட்டியதை எரிபொருளாக்குவர்; வாரியதை மட்கச்செய்து காய்கறிப் பயிருக்கு எருவாக்குவர்; உச்சிப்பொழுதில் ஒருங்கிருந்து உண்பர். அவர் பாட்டன்மார் வயிற்றுக்காகச் செய்ததனையே இவர்கள் விருப்பத்தினாற் செய்கின்றனர்.

இதனைக் கொண்டு, எங்கும் சருகை வாருதலே நன்று என்று முடிவுசெய்தலும் பிழையாம். அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் இதன் உறவினமாகிய காளானிடத்துப் பத்தாண்டளவு செய்த சோதனையில், மெல்லப் பறித்து எடுத்தவிடத்து அடுத்துவந்த விளைவு குறையவில்லை. மொட்டுத் தேடுவார் வாரிகொண்டு சருகடுக்கைக் கிளறி மூடாது விட்டவிடத்தோ விளைவு நெடுங்காலம் குன்றிற்று. கியோத்தோத் தொண்டர் வாருவது வேருக்கு இடந்தரும்பொருட்டு. ஆரிகனிற் கிளறியவர் ஷிரோவையே குலைத்தனர். கருவி ஒன்றே, பயன் வேறு. சுவீடனிலோ, முதிர்ந்த பைன்காட்டை அடியோடு வெட்டிவீழ்த்துதலே இக்காளானுக்குப் பெருங்கேடு. ஆங்கு என் நண்பரின் வேலி ஒருவாறு பொருந்தும். ஜப்பானியச் சந்தைக்குப் பெருவாரியாக அனுப்பும் சீனம் 1999ஆம் ஆண்டிலேயே இதனை இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்தது. இமயச்சாரலில் பூட்டான் நாட்டு ஊரா என்னும் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் இக்காளானுக்கு விழாவும் எடுக்கின்றனர்.

இச்செய்திகளை யெல்லாம் நண்பருக்கு எடுத்துக்கூறியபோது அவர், "அங்ஙனமாயின் காடு மனிதனுக்கு உரியதென்று சொல்கின்றீரா?" என்று மடக்கினார். யான் அங்ஙனம் சொல்லவில்லை. அகலிலைக் காடு மீண்டெழுதல் இயற்கையே. அதில் வாழும் பறவைக்கும் பூச்சிக்கும் அது நன்மையே. கியோத்தோவின் குன்றுகள் முழுவதையும் மீண்டும் பைனாக்குதல் வேண்டுவதும் அன்று, இயல்வதும் அன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே பாடல்பெற்ற ஓர் உயிர், சில சரிவுகளிலேனும் எஞ்சுதல் வேண்டும் என்று கருதுவார், அச்சரிவுகளிற் பாடுபட்டாக வேண்டும் என்பதே யான் கண்டது. இருவரும் இன்னும் உடன்பட்டிலோம். வேலி வேண்டும் இடமும் வேண்டாத இடமும் உண்டு என்ற அளவில் அவர் இறங்கி வந்துள்ளார்.

புதிதாக எழும் பைன்காட்டில் மாட்சுத்தாக்கே தோன்றுதற்கு இருபது முப்பது ஆண்டுகளேனும் செல்லும் என்பர். இப்போது கியோத்தோ மலைச்சரிவிற் புதர் வெட்டும் முதியோருட் பலர், தாம் திருத்திய நிலத்தின் முதற்காளானைக் காணப்போவதில்லை. இதனை அவர்களும் அறிவர். அறிந்தே, உணவுப்பொதியும் அரிவாளும் வாரியும் எடுத்துக்கொண்டு மலையேறுகின்றனர்.